நறுக்கியதை மறுபடி நறுக்கிய ஊர்

எங்கள் வீட்டில் கரூரைத் தாண்டினாலே வெளிநாடு. பாபநாசத்தில் நான்கு நாள் வேலை என்று சொன்னதும் கோயம்புத்தூரில் அம்மா நான் கொண்டுபோக வேண்டியவற்றை அடுக்க ஆரம்பித்தாள்: போர்வை, கொசுவத்தி, பருப்புப் பொடி, சிறுவாணித் தண்ணீர் இரண்டு பாட்டில். நானும் என்னுடையதை அடுக்கினேன்: மூன்று கத்திகள், தீட்டுக்கல், இரண்டு தெர்மாமீட்டர், தண்ணீரில் குளோரின் பார்க்கும் காகிதப் பட்டைகள், தலைமுடியை மூடும் வலைத் தொப்பி ஒரு கட்டு.

அப்பா எட்டிப் பார்த்தார். "கல்யாணத்துக்குப் போறியா, ஆபரேஷனுக்குப் போறியா?"

கல்யாணத்துக்குத்தான். ஆனால் நான் போவது காய்களின் சார்பில்.

உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, காய்கறியை நறுக்கிப் பையில் அடைத்து விற்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பாபநாசத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, மூன்று பெண்களை வேலைக்கு வைத்திருந்தோம். ஷெட் இருந்தது, மிஷின் இருந்தது, ஆர்டர் மட்டும் இல்லை. கடைசியாக ஒரு கேட்டரிங்காரர் ஒரே ஒரு கல்யாணத்துக்கு எங்கள் காயைச் சமைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டார். தேறினால் அவர் எடுக்கும் கல்யாணங்களுக்கெல்லாம் நாங்கள்தான். தேறாவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிட்டு மிஷினோடு வந்துவிடு என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்த மூன்று பெண்களுக்கும் இது தெரியும்.

தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் போகும் பஸ் பாதி வழியில் ஊர்ந்தது. முன்னால் ஓர் அறுவடை இயந்திரம் சாலையை முழுக்க அடைத்துக்கொண்டு, பின்னால் யாராவது வருகிறார்களா என்ற கவலையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சாலையின் மிச்ச இடத்தில் நெல் காய்ந்தது. பின் சீட்டில் ஒருவர் போனில் யாருக்கோ சொன்னார்: "வந்துகிட்டேதான் இருக்கேன். மிஷினு அறுக்குது. வயல இல்ல, எங்க உசுர."

எனக்கு அந்த நெல்லைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அதன் ஈரம் போக வேண்டும், வெயில் அதைச் சும்மாவே செய்துவிடுகிறது. என் காயின் ஈரம் போகக் கூடாது. அந்த ஊர் முழுக்க என் தொழிலுக்கு நேர் எதிரான வேலை நடந்துகொண்டிருந்தது.

பாபநாசத்தில் இறங்கியதும் சாப்பிட உட்கார்ந்தேன். இட்லிக்குப் பக்கத்தில் மஞ்சளாக, கொழகொழவென்று ஏதோ ஊற்றினார்கள். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, சோம்பு வாசனை. குருமா நன்றாக இருக்கிறது என்றேன். பரிமாறியவர் குரலைத் தாழ்த்தினார். "கடப்பாங்க இது. குருமான்னு சத்தமா சொல்லாதீங்க, மாஸ்டரு வெளிய வந்துருவாரு." கோயம்புத்தூரில் சட்னி இல்லாமல் இட்லி வைத்தால் கடைக்காரர் மன்னிப்புக் கேட்பார். இங்கே சட்னி கேட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன்.

எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் கேட்டரிங் அமலதாஸ் அண்ணன். பெரிய உருவம், சின்னக் குரல். சோதனைக்கு அவர் தேர்ந்தெடுத்த கல்யாணம் அவருடைய சொந்த மகளுடையது என்பதை அங்கேதான் சொன்னார்.

"சொந்தக் கல்யாணத்துலயா சோதன பண்றீங்க?" என்றேன்.

"வேற வீட்ல சொதப்புனா தொழிலு போயிரும். நம்ம வீடுன்னா திட்டோட போயிரும்," என்றார். "கல்யாணத்தன்னிக்கு ராத்திரி வரவேற்புக்குப் பிரியாணி. அது என் பாடு. மத்தியானம் மாதா கோயில்லேந்து வந்ததும் எலபோட்டு சைவ சாப்பாடு. அதுக்குக் காய் பூரா ஒங்க பாடு."

தெளிவான ஏற்பாடு. எனக்குத் தெளிவான ஏற்பாடுகள் பிடிக்கும்.

மறுநாள் ஷெட்டில் நறுக்கு. சூரியன் ஏறுவதற்கு முன் பறித்த காயைக் குளிர வைத்து, பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். பறித்ததும் காய் செத்துவிடுவதில்லை. செடியை விட்டு வந்த பிறகும் மூச்சு விடுகிறது, சேர்த்து வைத்த சர்க்கரையைத் தின்கிறது, ஈரத்தை விடுகிறது. நறுக்கினால் பதறிப்போய் இன்னும் வேகமாக மூச்சு விடுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் காற்றுப் பட்டால் பழுப்பு ஏறும். வைட்டமின் சி எல்லோருக்கும் முன்னால் கிளம்பிவிடும், பாயசம் வருவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் விருந்தாளி மாதிரி. மொன்னைக் கத்தி நறுக்குவதில்லை, நசுக்குகிறது. அதில் சேதம் இரண்டு மடங்கு. ஆகவே கூர்மையான கத்தி, சில்லென்ற தண்ணீரில் ஒரு சின்ன முழுக்கு, உடனே ஈரம் போகச் சுற்றி எடுத்து, மூச்சு விடக் கொஞ்சமாக இடம் தரும் பையில் அடைத்து, ஐந்து டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், நறுக்கப்பட்ட விஷயமே காய்க்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம்.

ஷெட்டில் மூத்தவர் ஜெயந்தி அக்கா. நடவு வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவர். ஈரத்தைச் சுற்றி எடுக்கும் மிஷினை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அதைத் தடவிக் கொடுத்தார்.

"எங்க வீட்ல துணிக்கே மிஷினு இல்ல மேடம். பீன்ஸுக்கு வந்துருச்சு."

பிறகு பையை ஒட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "கல்யாணம் தேறிடுமா மேடம்?"

"காய் தேறிடுங்க. கல்யாணத்த மாப்பிள்ள பாத்துக்கணும்."

அவர் சிரித்தார். ஆனால் அன்று முழுக்க ஒவ்வொரு பையையும் இரண்டு முறை ஒட்டினார்.

பீன்ஸ், கேரட், அவரை, பூசணி, சேனை என்று எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டன. கத்திரிக்காய், கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ நான்கையும் நாங்கள் நறுக்கி அனுப்புவதில்லை. நறுக்கிய வாழைப்பூவைக் கோயம்புத்தூரில் ஒருமுறை பையில் அடைத்துப் பார்த்தோம். மேலாளர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, தேயிலையிலும் இறங்கிவிட்டோமா என்று கேட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் குளிர்வண்டியில் கிளம்பினோம். ஓட்டியவர் பஷீர் பாய். சவுதியில், தம்மாமில் பல வருடம் கோழிக்கறி லாரி ஓட்டித் திரும்பியவர். அவருக்கு உலகில் இரண்டு இடங்கள்தான்: தம்மாம், தம்மாம் மாதிரி இல்லாத இடம்.

"தம்மாம்ல கதவத் தொறந்து வெச்சா ஃபைனு. இங்க தொறந்து வெச்சா வாழத்தார ஏத்துறானுவ," என்றார்.

உண்மைதான். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் கல்யாண வீட்டு ஆள் ஒருவர், வண்டிதான் அங்கே போகிறதே என்று இரண்டு பழுத்த பூவன் தாரைப் பின்னால் ஏற்றிவிட்டிருந்தார். நான் இறக்கச் சொன்னேன். அவருக்குக் கோபம். பழம் விடும் மூச்சில் ஒரு வாயு இருக்கிறது, அது பட்டால் பக்கத்திலிருக்கும் காய்க்கு வேகமாக வயதாகும், பச்சை மஞ்சளாகும் என்று விளக்கினேன்.

பஷீர் பாய் மொழிபெயர்த்தார்: "எங்க மாமியா பக்கத்துல குந்துனா எனக்கு நர ஏறுதுல்ல, அதாம்ப்பா."

தார்கள் உடனே இறங்கின.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியின் குளிர்ப்பெட்டியைப் பார்த்து, மொபெட்டில் வந்தவர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். "குல்ஃபி இருக்கா?"

"கேரட்டு இருக்கு. குச்சியில குத்தித் தரட்டுமா?" என்றார் பாய்.

மொபெட்காரர் கொஞ்ச நேரம் யோசித்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

வண்டி கல்யாண வீட்டு வாசலில் நின்றதும் பந்தலுக்குள் இருந்த எல்லோரும் ஒன்றாகத் திரும்பினார்கள். பாய்கள் விரித்து வட்டமாக முப்பது பேர் இருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் அரிவாள்மனை, வீட்டிலிருந்து கொண்டுவந்தது. மாறிப்போகாமல் இருக்க மரக்கட்டையில் நெயில் பாலிஷால் பெயரின் முதல் எழுத்து. நடுவில் ஒரு தார்ப்பாய், காலியாக. எதற்கோ காத்திருக்கும் காலி.

நான் பைகளை இறக்கி வரிசையாக வைத்தேன். வட்டத்திலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்தார். அமலதாஸ் அண்ணனின் அக்கா, பெண்ணுக்கு அத்தை, ரோஸ்மேரி. வலங்கைமானில் தையல் கடை வைத்திருப்பவர். என்னைப் பார்த்த பார்வையிலேயே தோள் அளவு எடுத்துவிட்டார்.

"இது என்னா?"

"பீன்ஸுங்க. நறுக்குனதுங்க."

"யாரு நறுக்குனது?"

"எங்க ஷெட்ல மூணு பேருங்க."

"அவங்க பொண்ணுக்கு என்னா மொற?"

நான்கு வருடப் படிப்பில் இந்தக் கேள்வி எந்தப் பாடத்திலும் வரவில்லை. அமலதாஸ் அண்ணனைத் தேடினேன். அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று முனகிக்கொண்டே, இன்னும் பற்ற வைக்காத அடுப்பின் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

விஷயம் அப்போதுதான் புரிந்தது. ஊர்க் கல்யாணங்களில் காய் நறுக்குவது அவருடைய ஆட்கள். அவருக்கு அது கூலிக் கணக்கு. சொந்த வீட்டில் அது கூலி இல்லை என்பதை மனிதர் மறந்துவிட்டார். பாயில் இருந்த ஒரு பெண் எனக்குப் பொறுமையாகச் சொன்னார்: "கார்டு எல்லாருக்கும் வெப்பாங்க. மொத நாளே வந்து காய் நறுக்குங்கன்னு வீட்டாளுங்களத்தான் கூப்புடுவாங்க. நான் வேலைக்கு லீவு போட்டுட்டு வந்துருக்கேன், இந்த அருவாமனையத் தீட்டிகிட்டு."

அந்த நேரத்தில் மேலாளர் போன் செய்தார். வண்டிக்குப் பின்னால் போய்ப் பேசினேன். எல்லாம் சரியாகப் போகிறதா என்றார். திட்டப்படியே போகிறது சார் என்றேன். யாருடைய திட்டப்படி என்று அவர் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது பந்தலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சந்தோஷப்பட்டேன், ஒரு மூன்று விநாடிக்கு. பீன்ஸ் பைகளும் கேரட் பைகளில் பாதியும் கிழிந்து கிடந்தன. முப்பது அரிவாள்மனைகளும் வேலையில் இருந்தன. நறுக்கிய பீன்ஸை மறுபடி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நறுக்கியது ஓர் அண்டா குழாய்த் தண்ணீரில் மிதந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"பெருசா இருந்துச்சு. பொடிசாக்குறோம்," என்றார் ரோஸ்மேரி அத்தை. "வந்த கை சும்மா போவலாமா?"

என் மனது தானாகவே வரிசைப்படுத்தியது. புதிய வெட்டு, இரண்டு மடங்கு காயம். சில்லென்று இருந்த காய் பந்தல் சூட்டில். கரையக்கூடிய சத்தெல்லாம் அண்டாத் தண்ணீரில். காலை வரை இப்படியே இருந்தால் மத்தியான இலையில் விழப்போவது பீன்ஸ் வடிவத்தில் வெறும் நார். அமலதாஸ் அண்ணன் ஒரு வாய் தின்றதும் ஷெட்டின் கதவு மூடும். ஜெயந்தி அக்கா இரண்டு முறை ஒட்டிய பைகளை இரண்டு இழுப்பில் கிழித்திருந்தார்கள்.

கோபம் வந்தால் எனக்குக் குரல் தாழ்ந்துவிடும். பார்ப்பவர்களுக்கு நான் திடீரென்று ரொம்ப மரியாதைக்காரியாகிவிட்டதாகத் தோன்றும்.

"அத்தைங்க," என்றேன், "இவ்வளவு பொடிசா நறுக்குனத வெச்சுட்டே இருக்கக் கூடாதுங்க. இப்பவே இன்னிக்கு ராத்திரி சாம்பாருக்குப் போட்டுரலாங்க. அந்தத் தண்ணியக் கொட்டாதீங்க. சத்து அதுலதான் இருக்குதுங்க, அதுலயே வேகட்டுங்க."

"எத்தன 'ங்க' போடுது பாரு," என்றார் ஒருவர். "கோயம்புத்தூருக்காரங்க 'ங்க' போட்டே ஆளக் கவுத்துருவாங்க."

அண்டா அடுப்புக்குப் போனது. கிழியாத பைகள் வண்டிக்குள் போயின. பஷீர் பாய் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டார். "தம்மாம்ல கூட இப்புடிக் கொள்ள போனதில்ல," என்றார், கொஞ்சம் மரியாதையோடு.

ஆனால் முப்பது பேர் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். தார்ப்பாய் மறுபடி காலி. முப்பது கூர்மையான அரிவாள்மனைகள் ஒரு பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. அது ரொம்ப நேரம் தாங்காது என்று தெரிந்தது. இவர்களிடமிருந்து காயைக் காப்பாற்ற வேண்டுமானால் இவர்களுக்கு ஒரு காய் கொடுத்தாக வேண்டும். எங்களால் நறுக்கி விற்கவே முடியாத காய் எது?

"அத்தைங்க, நாளைக்கு எலையில வாழப்பூ வட கெடையாதுங்களா?"

அத்தை நின்றார். "வட ஏது? இத்தன எலைக்கு வாழப்பூவ யாரு ஆயறது?"

நான் பாயில் இருந்தவர்களைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

வாழைப்பூ ஆய்வது தனியாள் வேலை இல்லை. மடல் மடலாக உரித்து, சீப்புச் சீப்பாக இருக்கும் பூவை எடுத்து, ஒவ்வொரு பூவிலும் நடுவில் இருக்கும் வேகாத நரம்பைக் கிள்ளிப்போட வேண்டும். அதற்குக் கள்ளன் என்று பெயர். கள்ளனைப் பிடிக்கும் மிஷின் இன்னும் வரவில்லை.

"மெனுவுல இல்லையேக்கா," என்றார் அமலதாஸ் அண்ணன், அடுப்புக்குப் பின்னாலிருந்து.

"நீ அடுப்பப் பாரு," என்றார் அத்தை.

பையன்கள் ஆளுக்கொரு பைக்கில் கிளம்பினார்கள். அவரவர் கொல்லையிலிருந்தும் தெரிந்தவர்கள் தோப்பிலிருந்தும் பூக்கள் வந்து தார்ப்பாயில் குவிந்தன. நான் என் நிபந்தனைகளைச் சொன்னேன்: இன்றைக்குக் கள்ளன் மட்டும் எடுப்பது, ஒரு பூவைக்கூட நறுக்கக் கூடாது, ஆய்ந்த பூவை அதனதன் மடலிலேயே வைத்து மூடி வண்டியில் வைப்பது, விடிந்ததும் நறுக்கி நேராக மாவில் போடுவது. வெட்டு எவ்வளவு தாமதமோ அவ்வளவு சத்து.

"ஒனக்கு மாமியாரா வரப்போறவள நெனச்சா எனக்குப் பாவமா இருக்கு," என்றார் அத்தை. ஆனால் யாரும் நறுக்கவில்லை.

எனக்கும் பாயில் இடம் விட்டார்கள். விரலில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்கள். அப்படியும் கறை ஏறியது. பேச்சு மாப்பிள்ளை வீட்டைச் சுற்றி வந்தது.

"மாப்ளைக்கு முடி கொட்டுதாமே."

"முடிதானே, கொட்டட்டும். வேல கொட்டாம இருந்தா சரி."

"போட்டோல நல்லாத்தான் இருந்தாரு."

"போட்டோல தொப்பி போட்டுருந்தாரு."

முதல் நாளே வந்து வட்டத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டுச் சித்தி, தலையை நிமிர்த்தாமல் ஒரு கள்ளனைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு மட்டும் என்னா, போட்டோல வாயத் தொறக்கவே இல்ல. அதுல நாங்க ஏமாந்தோம்."

பந்தலே குலுங்கியது. வாழைப்பூ தீர்ந்துபோனது எப்போது என்று யாரும் கவனிக்கவில்லை.

நான்காம் நாள் விடிந்ததும் அத்தையின் தலைமையில் பூ நறுக்கப்பட்டது. கோயில் மணி அடித்ததும் எல்லோரும் பட்டுப் புடவையில், கறுத்த விரல்களோடு ஓடினார்கள். மணமேடைப் படங்களில் பெண் வீட்டார் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தால் காரணம் அதுதான்.

சமையலறையில் நானும், கோயிலுக்கு ஓடும் முன் ஒரு நிமிடம் நின்ற அமலதாஸ் அண்ணனும் மட்டும். வண்டியிலிருந்து வந்த பைகளைப் பிரித்தார். கேரட் காய்ந்து வெள்ளை பூக்கவில்லை. பூசணி வியர்க்கவில்லை. தப்பிப் பிழைத்த அவரைத் துண்டு ஒன்றை எடுத்து ஒடித்தார். சத்தம் கேட்டது. இன்னொன்றைப் பச்சையாகவே வாயில் போட்டுக்கொண்டார்.

"நேத்து நறுக்குனதா?"

"முந்தா நேத்துங்க."

மென்றார். மறுபடி ஒரு துண்டை எடுத்தார். மனிதர் சொந்த மகள் கல்யாணத்தில் பாதி அவரையைப் பச்சையாகவே தீர்த்துவிடுவாரோ என்று எனக்குக் கவலை வந்தது.

மத்தியானப் பந்தியில் வடையை ரோஸ்மேரி அத்தையே பரிமாறினார். ஒவ்வோர் இலையிலும் நின்று, "நாங்க ஆஞ்சது," என்றார். கேட்காதவர்களுக்கு இரண்டாவது முறை சொன்னார். அவரைப் பொரியலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டபோது அதைத்தான் மறுபடி கேட்டு வாங்கினார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பசி," என்றார்.

பந்தி முடிந்ததும் அமலதாஸ் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தவக்காலம் வருது, எங்காளுங்க கல்யாணம் ஈஸ்டருக்கு அப்பறந்தான். மத்தவங்க கல்யாணம் நெறைய இருக்கு. எல்லாத்துக்கும் காய் ஒங்க ஷெட்லேந்தே வரட்டும்." பிறகு குரல் இன்னும் சின்னதானது. "ஆனா கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒரு மூட்ட வாழப்பூவும் சேத்து அனுப்பிருங்க. முழுசா. நறுக்காம. அக்கா சொல்லிருச்சு."

மேலாளருக்குப் போன் செய்தேன். முதல் பாதிக்குச் சந்தோஷப்பட்டார். இரண்டாவது பாதிக்கு, "நாம நறுக்கி விக்கறவங்கம்மா. முழுப் பூவ எதுக்கு விக்கோணும்?" என்றார்.

"நறுக்காத காய்லதான் சத்து அப்படியே இருக்கும் சார். நம்ம பாடத்துல மொதல் பக்கமே அதுதாங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. முதல் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

ஷெட்டுக்குப் போய்ச் சொன்னேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயந்தி அக்கா மிஷின் மேல் கையை வைத்தார். "அப்ப இது இங்கதான் இருக்குமா மேடம்?"

"இருக்குங்க."

"ஒரே ஒரு நாளு என் சேலைய இதுல போட்டுப் பாக்கவா?"

"கூடாதுங்க."

"சும்மாத்தான் கேட்டேன்," என்றார். நான் போன பிறகு போட்டுப் பார்ப்பார் என்று இருவருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு மிஷினைக் கழுவும் தண்ணீரைச் சோதிக்கட்டும் என்று குளோரின் பட்டைகளில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

பாபநாசம் பஸ் நிலையத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஜன்னலில் தட்டும் சத்தம். கீழே ரோஸ்மேரி அத்தை, பக்கத்தில் பைக்கோடு அவருடைய மகன். ஒரு பொட்டலம் வடையை நீட்டினார்.

"ஈஸ்டர் கழிச்சு இவனுக்குக் கல்யாணம். மொத நாள் மத்தியானமே வந்துரு. காய் நறுக்கணும்."

"அதுக்கும் காய் எங்க ஷெட்லேந்துதாங்க அத்தை வருது. உங்க தம்பி ஆர்டர் குடுத்துட்டாருங்க."

"அது அவன் கணக்கு. நான் கூப்புடறது வேற." பஸ் கிளம்பியது. அவர் கூடவே நாலடி நடந்தார். "ஒன் கத்தியெல்லாம் வேணாம். நல்ல அருவாமன ஒண்ணு வாங்கிக்க. பேரு போட்டு எடுத்துட்டு வா."

சாலையில் நெல் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. ஒரே கல்யாணத்துக்கு ஷெட்டில் சம்பளத்துக்கு ஒரு முறையும், பந்தலில் உறவுக்கு ஒரு முறையும் நறுக்கப்போகிறவள் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கோயம்புத்தூர் போனதும் வாங்க வேண்டியவற்றை மனதுக்குள் அடுக்கினேன்: அரிவாள்மனை ஒன்று, தேங்காய் எண்ணெய், சிவப்பு நெயில் பாலிஷ்.